பார்த்ததற்குக் கூலி

நான் படித்தது பிரெஞ்சில், ஃபைல் எழுதியது ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது தமிழில். ஆகவே வண்டி பழுதானால் இன்றைக்கும் என் வாயில் முதலில் வருவது 'பான்' என்ற சொல்தான். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் வண்டி நின்று போனால் 'ஆன் பான்'. என் வயதுக்காரர்கள் புதுச்சேரியில் இன்னும் சிலர் இப்படிச் சொல்லக் கேட்கலாம். என் பேரப்பிள்ளைகள் 'தாத்தா எதையோ பான் போடச் சொல்றாரு' என்று சிரிப்பார்கள்.

இந்த 'பான்' பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத கை இது. முப்பத்து நாலு வருஷம் பேனா பிடித்த கை. இருந்தாலும் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்துவிட்டு, நான் சொல்வது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டி என் தங்கை பிள்ளையுடையது. 2007 மாடல், இரண்டாம் கையாக வாங்கினான். விடியற்காலையில் பாகூர், கடலூர்ப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வருவான். பகலில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுவான். குடும்பமே அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது.

போன மாசியில் வண்டி நிற்க ஆரம்பித்தது. தினமும் நின்றாலாவது பட்டறையில் காட்டலாம். இது வாரத்தில் இரண்டு தரம் நிற்கும், பிறகு நாலு நாள் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பச்சைப்பிள்ளை மாதிரி சமர்த்தாக இருக்கும். டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றதும் காய்ச்சல் விட்டுவிடுமே, அந்த மாதிரி.

முதல் பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். பத்து நாள் ஓடியது, நின்றது. இரண்டாவது பட்டறையில் மறுபடியும் ஃபில்டர், கூடவே புதிய ஃபீட் பம்ப். ஒரு வாரம் ஓடியது, நின்றது. அதன்பிறகு நாசில்களைக் கழற்றி அனுப்பிச் சரிசெய்து மாட்டினார்கள். அதுவரை பதினாலாயிரம் செலவு. மூன்றாவது பட்டறையில், "மெயின் பம்ப் போயிடுச்சு, இறக்கிப் பிரிச்சாகணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் கடலூர் சாலை ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. லோடோடு தண்டவாளத்தைத் தாண்டும்போது இழுவை குறைந்து, பின் சக்கரம் தாண்டியும் தாண்டாமலும் நின்றிருக்கிறது. கேட்காரர் கத்த, டூவீலர்காரர்கள் இறங்கி ஓடிவந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். ரயில் வர நேரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவன் கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. "மாமா, இனிமே அந்த வண்டியில உக்காரவே பயமா இருக்கு" என்றான்.

மறுநாள் காலையில் என் தங்கை வந்தாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை. அதில் அவள் கல்யாண வளையல் இரண்டு. "அண்ணா, பேங்க்குல இத வைக்கணும், கூட வரியா? பம்ப் மாத்தணுமாம்" என்றாள்.

என்னால் உடனே 'வரேன்' என்று சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய ஜீப்.

வேலையில் இருந்தபோது ஒன்பது வருஷம் வாகனப் பிரிவு என் மேஜையில் இருந்தது. லாக் புக் பார்ப்பது, ரிப்பேர் பில்லுக்குக் குறிப்பெழுதி மேலே அனுப்புவது என் வேலை. அந்த அலுவலகத்தில் பெட்ரோல் ஜீப் ஒன்று இருந்தது. லாக் புக்கில் டிரைவர் எழுதியிருப்பது எப்போதும் ஒரே வரிதான்: போகும் வழியில் எஞ்சின் நின்றது, சிறிது நேரம் கழித்து ஓடியது. இதற்கு இரண்டு வருஷத்தில் நாலு பில். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில், மறுபடியும் கார்புரேட்டர். நாலு பில்லும் விதிப்படி சரி. கொட்டேஷன் மூன்று இருந்தது, கூட்டல் சரியாக இருந்தது. 'அனுமதிக்கலாம்' என்று நாலு தரமும் எழுதியது நான்தான். இந்தச் செலவுக்குப் பிறகும் அதே புகார் ஏன் வருகிறது என்று ஒரு தரமும் எழுதவில்லை. அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

கடைசியில் ஜீப் உபயோகமற்றது என்று ஏலத்தில் போனது. எடுத்தவர் அதே ஜீப்பை எங்கள் தெரு வழியாக வருஷக்கணக்கில் ஓட்டினார். ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். "டேங்க் மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிக்கிட்டு இருந்துச்சு சார். ஊசியால குத்தி விட்டேன், அவ்வளவுதான்" என்றார். டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெறுமை உண்டாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. கொஞ்ச நேரம் நின்றால் எப்படியோ காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி ஓடும். ஓர் ஊசி வேலை. அதற்கு நாலு பில்லும் ஓர் ஏலமும்.

ஆகவே தங்கையிடம் சொன்னேன்: "வளையலை ரெண்டு வாரம் வீட்டிலேயே வை. அதுவரைக்கும் நான் சொல்றத உன் பிள்ளை கேக்கட்டும்."

அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு தரமும் எழுத வேண்டியது இது: எந்த இடம், கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, லோடு இருந்ததா, டேங்கில் எவ்வளவு டீசல், சட்டென்று நின்றதா மூச்சு வாங்கி நின்றதா, மறுபடி எப்போது, எப்படிக் கிளம்பியது. அவனுக்குச் சிரிப்பு. "ரிப்பேருக்கு டைரி எழுதற ஆளு நீங்க ஒருத்தர்தான் மாமா" என்றான். ஆனாலும் எழுதினான். லோடு குறைத்து, பகலில் மட்டும், கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன்.

பள்ளியில் எங்கள் தத்துவ முசே தெக்கார்த் பற்றிச் சொல்லுவார். 1637இல் வந்த அவருடைய நூலின் சாரத்தை எங்களுக்கு நாலு விதியாகப் பிழிந்து கொடுத்தார். தெளிவாகத் தெரியாததை உண்மையென்று ஏற்காதே, பெரிய சிக்கலைச் சின்னத் துண்டுகளாகப் பிரி, எளியதிலிருந்து தொடங்கு, எதையும் விட்டுவிடாமல் எண்ணிப் பார். அப்போது பரீட்சைக்காகப் படித்தேன். எழுபது வயதுக்கு மேல் டீசல் வண்டிக்கு உதவும் என்று யார் கண்டார்கள்!

பதினோரு நாளில் ஐந்து தரம் நின்றது. நோட்டை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எல்லோருக்கும் அவர் 'பாய்'. டீசல் வண்டியில் நாற்பது வருஷப் பழக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை இரண்டு தரம் படித்தார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஐந்து தரமும் வண்டி சட்டென்று நிற்கவில்லை. இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றிருக்கிறது. சட்டென்று சாவியைத் திருப்பியது போல நின்றால் ஒயரையோ, டீசலை நிறுத்தும் சொலினாய்டையோ முதலில் பார்க்க வேண்டும். விக்கி நின்றால் டீசல் போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, ஐந்து தரமும் பத்து நிமிஷம் கழித்துக் கைப்பம்ப் அடிக்காமலே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. எங்கோ ஹோஸில் வெடிப்பு இருந்து ஏர் பிடித்திருந்தால், பெரும்பாலும் கைப்பம்ப் அடித்து ஏர் எடுத்தால்தான் கிளம்பும். இழுக்கிற பக்கத்து ஹோஸில் வெடிப்பிருந்தால் டீசல் வெளியே சொட்டவே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் சொட்டவில்லை என்பதை வைத்து ஏமாறக் கூடாது என்றும் சொன்னார்.

மூன்றாவது, மெயின் பம்ப் தேய்ந்திருந்தால் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். இதுவோ பத்தே நிமிஷத்தில், சூடு ஆறுவதற்குள், ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. "பம்ப் மேல எனக்கு சந்தேகம் இல்ல சார்" என்றார்.

நான்காவது, நின்றதெல்லாம் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான். அதில் நாலு தரம் அரியாங்குப்பம் பாலமோ சுண்ணாம்பாற்றுப் பாலமோ ஏறும்போது. அதாவது எஞ்சின் அதிக டீசல் கேட்கிற நேரம்.

உடனே நான் முந்திக்கொண்டேன். "பாய், டேங்க் மூடிதான். எனக்கு நிச்சயமாத் தெரியும்." ஜீப் அனுபவம் பேசியது. அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கலாம். அடுத்த தரம் நின்னதும் மூடியத் திறக்கச் சொல்லுங்க. 'உஸ்'னு காத்து உள்ள போனா நீங்க சொன்னது சரி" என்றார். இரண்டு நாள் கழித்து நின்றது. மூடியைத் திறந்தான். உஸ் என்ற சத்தமே இல்லை. என் நிச்சயம் அத்தோடு போயிற்று. ஆனால் அந்தப் பரீட்சைக்கு ஆன செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு உயிர். சுத்தமான பத்து லிட்டர் கேனில் டீசல் பிடித்து, பின்னால் ஆடாமல் கட்டினார். வண்டியின் டேங்கை விட்டுவிட்டு, அந்தக் கேனிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் வழியாக ஃபீட் பம்புக்கு டீசல் கொடுத்தார். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் மிச்ச டீசலின் ஹோஸையும் கேனிலேயே விட்டார். இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். பிறகு லோடு ஏற்றி, அந்த இரண்டு பாலங்கள் மேலும் மூன்று தரம் போய்வந்தார்கள். வண்டி நிற்கவில்லை. ஹோஸில் ஒரு குமிழி இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "கேன் மேல இருக்கு சார், டீசல் தானா இறங்கும். ஃபீட் பம்ப் சோம்பேறியா இருந்தாலும் தெரியாது" என்றார். கேனைத் தரையில் இறக்கி வைத்து, அரை மணி நேரம் எஞ்சினை முறுக்கிப் பார்த்தார். கீழேயிருந்தும் ஃபீட் பம்ப் நன்றாக இழுத்தது. ஆக, ஃபீட் பம்ப், ஃபில்டர், மெயின் பம்ப், நாசில் எல்லாம் நிரபராதிகள். குற்றவாளி டேங்கிலோ, டேங்கிலிருந்து வரும் குழாயிலோதான் இருக்க வேண்டும். ஒரு கேனை வைத்து வண்டியை இரண்டாகப் பிரித்துவிட்டார்!

(இதைப் படித்துவிட்டு பெட்ரோல் வண்டிக்கு யாரும் கேன் கட்டிவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கக் காத்திருப்பது. அந்தக் காலத்து அம்பாசடரில் சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்கும். பம்ப் மேல் ஈரத்துணி போடுவோமே, அது போதும்.)

டேங்கை இறக்கினார்கள். அடியில் காபிப்பொடி மாதிரி துருவும் சேறும். டீசல் இழுக்கும் குழாயின் சல்லடை பாதி அடைத்திருந்தது. அத்தோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் கவர்த் துண்டு. அதைப் பார்த்ததும் என் மருமானுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மழை நாளில் வழியில் டீசல் தீர்ந்து, யாரிடமோ கேனில் வாங்கி ஊற்றியிருக்கிறான். மூடி இறுக்கமாக இருக்க வாயில் கவர் வைத்து மூடிய கேன் அது.

பாலிதீன் தண்ணீரில் மிதக்கும். டீசல் தண்ணீரைவிட லேசு, அதில் பாலிதீன் மூழ்கிவிடும். அடியில் கிடக்கும் துண்டு, எஞ்சின் வேகமாக இழுக்கும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் இழுப்பு நின்றது. துண்டு மெல்ல விழுந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து வண்டி ஓடும். நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இது பதில் சொன்னது. அதுதான் சரியான காரணத்துக்கு அடையாளம் என்பது என் அபிப்பிராயம். ஒரு புகாருக்கு மட்டும் பதில் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் அது காரணம் இல்லை, ஊகம்.

1900ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம்ம ஊர் மல்லாட்டை மூட்டை மூட்டையாக மார்சேய்க்குக் கப்பல் ஏறிய காலம் அது. எந்த எண்ணெய் என்பதில் அந்த எஞ்சின் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. அது கேட்பதெல்லாம் சுத்தமாக, விடாமல் வர வேண்டும் என்பது மட்டும்தான்.

டேங்க் கழுவியது, மூன்றடி ஹோஸ், காப்பர் வாஷர், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்றைம்பது. கழற்றி மாட்டிய கூலி அறுநூறு. "சரி பாய், கண்டுபிடிச்சதுக்கு எவ்வளவு?" என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு சிரித்தார். "பாத்ததுக்கெல்லாம் யாரு சார் காசு கொடுப்பாங்க?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

முந்தைய மூன்று பட்டறைக்காரர்களையும் நான் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். நாம் அவர்களிடம் எப்படிப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்" என்கிறோம். மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு "இன்னும் தெரியவில்லை, நாளைக்கும் பார்க்கணும்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் பத்து ரூபாய் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம், வேலை தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லுவோம். அதே ஆள் ஒரு பாகத்தை மாற்றிப் புதுப் பெட்டியைக் கையில் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் ஆயிரக்கணக்கில் எண்ணி வைப்போம். பார்ப்பதற்குக் காசு இல்லை, மாற்றுவதற்குத்தான் காசு என்றால், யாராக இருந்தாலும் மாற்றத்தான் செய்வார்கள். டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

'பார்க்கக் காசு கொடுத்தால் பார்ப்பது போல நடித்துக் காசு வாங்குவார்கள்' என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நடக்கலாம். அதனால்தான் தொகையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். என்ன சோதனை செய்தார், அதில் என்ன தெரிந்தது, எது இல்லை என்று தெரிந்தது என்பதைச் சொல்லச் சொல்ல வேண்டும். எது இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு லாபம்தான். 'இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மாட்டினால் சொல்லிவிடும்' என்றார் இன்னொருவர். டீசல் அழுத்தம் குறைவு என்று அது சொல்லும். டேங்கில் கவர்த் துண்டு கிடக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஓர் ஆள் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

'அன்றாடம் ஓட்டிச் சாப்பிடுகிறவனுக்கு நோட்டு எழுத ஏது நேரம்' என்று கேட்டால், நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு இதோ: மூன்று பட்டறைகளிலும் சேர்த்து என் மருமானுக்குப் போனது ஆறு நாள், பதினாலாயிரம் ரூபாய். நோட்டு எழுத ஆனது தினம் இரண்டு நிமிஷம்.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கிழவன் சொன்னதாகச் சொல்லுங்கள். நிற்கிற வண்டிக்கு முதலில் நோட்டு. செலவில்லாத சோதனை முன்னால், செலவுள்ளது பின்னால். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், நாலை ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, காரணம் சொல்லாமல் பாகம் மாற்றச் சொன்னால் 'ஏன்?' என்று ஒரு தரம் கேளுங்கள். எங்கள் முசே கரும்பலகையில் சாக்பீஸால் தட்டித் தட்டிக் கேட்பாரே 'புர்க்குவா?' என்று, அதுதான்.

அது ஆகி இப்போது ஏழு மாதம் ஆகிறது. வண்டி நிற்கவில்லை. அடுத்த எஃப்.சி.யும் ஆகிவிட்டது. தங்கை கையில் வளையல் இருக்கிறது.

பாய்க்கு 'பார்த்ததற்கு' என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்றார், வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார். மருமான் அதைத் திருப்பித் தர வந்தான், நான் வாங்கவில்லை. அந்தக் கடன் அவனுடையது இல்லை. நாலு தரம் 'அனுமதிக்கலாம்' என்று எழுதினேனே, அந்த ஜீப்பின் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டேன்.